இருபது நிமிட ஓய்வு

காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு அலுவலக அறையில் இருந்தவர்கள்: முதலாளி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, தமது மேசைக்குப் பின்னால். அவருடைய மாப்பிள்ளை, மெஷின்களுக்குப் பொறுப்பானவர், மேசைக்கு வலப்பக்கம், கைவைத்த நாற்காலியில். மாப்பிள்ளையின் மனைவி, அதாவது முதலாளியின் ஒரே மகள், சோதனை அறைக்குப் பொறுப்பானவர், இரும்பு அலமாரியை ஒட்டி முக்காலியில். இரண்டாம் ஷிப்ட் ஆபரேட்டர் அக்கா, கதவோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில், அதுவும் அதன் விளிம்பில். அக்காவின் உடன்பிறந்த தம்பியும் முதல் ஷிப்ட் ஆபரேட்டருமானவர் உட்காரவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றார். நான் என் கம்ப்யூட்டருக்கு முன்னால், எல்லோருக்கும் பக்கவாட்டில்.

எந்தக் கூட்டமானாலும் இதை முதலில் எழுதிக்கொள்வது என் பழக்கம். பின்னால் ஒருவர் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்னும்போது, அவர் எந்த நாற்காலியிலிருந்து சொன்னார் என்று எடுத்துக் காட்டினால் பேச்சு பாதியில் நின்றுவிடும். இங்கே கடிதப் போக்குவரத்து முழுவதும் என் வேலை. என்னை எல்லோரும் ரைட்டர் என்பார்கள். அக்காவின் கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். அதனால் அவர் இல்லாத இடத்தில் அவருக்குப் பெயர் ஸ்டாப்வாட்ச். தம்பிக்கு நேருக்கு நேராகவே ரேடியோ என்று பெயர். ஒரு பாட்டிலில் மூடி சரியாக விழவில்லை என்றால் அதற்கு ஒரு கதை சொல்லிவிட்டுத்தான் அடுத்த மூடியை எடுப்பார். அன்று காலை அவர் வாயைத் திறக்கவில்லை. அதையும் எழுதிவைத்தேன்.

எங்கள் தொழில், ஒரு மருந்து கம்பெனிக்காக இருமல் சிரப்பை பாட்டிலில் நிரப்பிக் கொடுப்பது. நிரப்பும் மெஷினில் எட்டுக் குழாய்களை வரிசையாகத் தாங்கும் ஒரு கனமான தலை உண்டு. அது இறங்கி பாட்டில் வாய்க்குள் குழாய்களை நுழைக்கும், நிரப்பும், ஏறும். இதைச் செய்வது ஒரு ஸ்டெப்பர் மோட்டார். சாதாரண மோட்டார் கரண்ட் வந்தால் சுற்றும், போனால் நிற்கும். இது அப்படியில்லை. எண்ணி எண்ணி அடி வைக்கும்; நிற்கச் சொன்ன இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தப் பிடி இருப்பதால்தான் தலை தன் கனத்தில் கீழே விழாமல் இருக்கிறது.

நான்கு மாதத்தில் அந்த மோட்டார் மூன்று முறை எரிந்துவிட்டது. மூன்றும் அக்காவின் ஷிப்டில், மாலை ஏழுக்கும் எட்டரைக்கும் நடுவே. மூன்றாவது முந்தைய நாள் மாலை. கையிருப்பில் இருந்த கடைசி மோட்டாரை அன்று காலைதான் மாட்டியிருந்தார்கள். மருந்து கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருந்தது. கூடவே ஒரு படிவம். நிறுத்தத்துக்குக் காரணம் என்ன, மோட்டாரின் மேற்புறச் சூடு எவ்வளவு, பொறுப்பானவர் யார், என்ன நடவடிக்கை, ஆள் மாற்றப்பட்டாரா என்று ஐந்து கட்டங்கள். பதில் அன்றைய கூரியரில் போயாக வேண்டும்.

"எழுதிக்குங்க ரைட்டர்" என்றார் முதலாளி. "காரணம், ஆபரேட்டரின் கவனக்குறைவு. நடவடிக்கை, பாட்டில் கழுவும் பிரிவுக்கு மாற்றப்பட்டார். ஏம்மா, உன்மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல. ஆனா மூணுக்கு மூணு உன் கையில. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அக்கா மடியில் கோத்திருந்த விரல்களைப் பார்த்தார். மெஷினுக்கு வருமுன் ஆறு வருடம் அவர் கழுவும் பிரிவில்தான் இருந்தார். காஸ்டிக் சோடாத் தண்ணீரில் விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சோறு பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிட்டவர். தோல் டாக்டர், இனி அந்தத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்த சீட்டு என் கோப்பில்தான் இருக்கிறது.

"நோட்டீஸ்ல போட்டிருக்கிறபடிதான் சார் செய்யறேன்" என்றார். "ஒரு நிமிஷம் கூடக் குறைய இல்ல."

நோட்டீஸ் மாப்பிள்ளை எழுதியது. மெஷின் வந்த புதிதில் அவர் மோட்டாரைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். கை வெடுக்கென்று வந்துவிட்டது. இப்படியே ஓடினால் பழுத்துப் போகும் என்று மூன்று வரி எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மெஷின்மேல் ஒட்டினார். ஒன்று: இருபது நிமிடம் ஓட்டினால் இருபது நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும். இரண்டு: ஓய்வின்போது மின்சாரத்தை அணைக்கக் கூடாது, தலை விழுந்துவிடும். மூன்று: ஓய்வின்போது தலைக்கும் மோட்டாருக்கும் சேர்த்துத் துணி உறை போட வேண்டும், குழாயில் தூசு படியக் கூடாது. மருந்து நிரப்பும் இடத்தில் மூன்றாவது வரியை யாரும் குறை சொல்ல முடியாது. முதல் இரண்டையும்தான் யார் குறை சொன்னார்கள்.

"ஓய்வு குடுத்தா எப்படிம்மா எரியும்?" என்றார் மாப்பிள்ளை. "மாடா இருந்தாலும் மனுஷனா இருந்தாலும் உட்கார வெச்சா ஆறிடும். உன் ஷிப்ட்ல எண்ணிக்கையும் பாதிதான் வருது. எண்ணிக்கையும் இல்ல, மோட்டாரும் இல்ல. அப்போ என்னதான் நடக்குது அங்க?"

"அதைத்தான் சார் நானும் கேக்கறேன்."

முதலாளி மணியைப் பார்த்தார். "சரி சரி. நாலு மணிக்கு கூரியர்காரன் வந்து நிப்பான். ரைட்டர், கட்டத்தையெல்லாம் நிரப்பிடுங்க."

நான் இரண்டாவது கட்டத்தைப் படித்துக் காட்டினேன். மேற்புறச் சூடு என்பதன் கீழே இரண்டு பிரிவு போட்டிருந்தார்கள்: ஓடும்போது, நிற்கும்போது.

"ஓடும்போது எழுபத்திநாலு டிகிரி. மெஷின் வந்தப்பவே பார்த்து வெச்சிருக்கேன்" என்றார் மாப்பிள்ளை. "நிற்கும்போது சாதாரணம்னு போடுங்க."

"சாதாரணமா?" என்றார் அக்கா. அதுவரை பேசியதைவிடச் சற்று உரக்க. "எப்படி சார் சாதாரணம்ங்கறீங்க? ஓடி முடிக்கும்போது கூட அவ்வளவா தெரியல. நின்னு முடிஞ்சு உறையை எடுக்கறேன் பாருங்க, அப்பத்தான் முகத்துல அடிக்குது. அடுப்பைத் திறந்த மாதிரி."

"உறைக்குள்ள காத்து இல்ல. அதனால அப்படித் தோணும்."

"தோணுதா இல்லையான்னு பார்த்துட்டா போச்சு" என்றார் மகள். எழுந்துவிட்டார். சோதனை அறையில், கம்பி முனையுள்ள தெர்மாமீட்டர் ஒன்று அவரிடம் உண்டு. "ஏங்க, நீங்க நிற்கும்போது அளந்து பார்த்ததே இல்லையா?"

"நிக்கிற மோட்டாரை யாராவது அளப்பாங்களா?"

"நானும் அளக்கல" என்று மகள் நியாயமாகவே சொன்னார். "கேட்டதும் இப்பத்தான் யோசனை வருது."

பத்தே முக்காலுக்கு எல்லோரும் மெஷினுக்கு முன்னால் இருந்தோம். சிரப்புக்குப் பதில் தண்ணீர் ஊற்றினார்கள். பெல்ட்டில் கழித்துக்கட்டிய பழைய பாட்டில்கள். மகள் கம்பி முனையை மோட்டாரின் முதுகில் டேப் போட்டு ஒட்டினார். அக்கா ஸ்டாப்வாட்சை அழுத்தினார். ரேடியோ ஓட்டினார், அவர் ஷிப்ட் அல்லவா. முதலாளிக்கு ஒரு நாற்காலி வந்தது. நான் அட்டையில் காகிதத்தைச் செருகி, நேரம் ஒரு பக்கம் சூடு ஒரு பக்கம் என்று கோடு போட்டுக்கொண்டேன்.

முதல் இருபது நிமிட ஓட்டத்தின் முடிவில் எழுபது. அக்கா "நிறுத்து" என்றதும் ரேடியோ நிறுத்தினார். தலை மேலே போய் நின்றது. உறை போட்டார்கள். மோட்டாரிலிருந்து மெல்லிய ரீங்காரம் மட்டும் வந்துகொண்டிருந்தது, கொசு ஒன்று உறைக்குள் மாட்டிக்கொண்டதுபோல. எண்கள் இறங்கும் என்று மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். எழுபத்திரண்டு. எழுபத்தெட்டு. இருபதாவது நிமிடம் எண்பத்தெட்டு.

மறுபடி ஓட்டினார்கள். ஓட்டத்தில் எண்பத்திநாலுக்கு இறங்கியது. மறுபடி ஓய்வு, தொண்ணூற்றொன்பது. மறுபடி ஓட்டம், தொண்ணூற்றிரண்டு. மூன்றாவது ஓய்வில் நூற்றெட்டு வந்தபோது மகள் கையைத் தூக்கினார். "போதும். இதுவும் போச்சுன்னா வேற இல்ல."

"தெர்மாமீட்டர் சரியில்ல" என்றார் மாப்பிள்ளை.

மகள் டேப்பைப் பிய்த்து, கம்பியை எடுத்துக்கொண்டு, தேநீர் போடும் மூலைக்குப் போய், கொதிக்கும் கெட்டிலில் முனையை விட்டார். தொண்ணூற்றொன்பது, நூறு, தொண்ணூற்றொன்பது. "கெட்டிலும் தப்பா கொதிக்குதான்னு பார்க்கணுமா?" என்று மட்டும் கேட்டார்.

மாப்பிள்ளைக்குக் கோபம் வந்திருக்கும். ஆனால் அவர் முட்டாள் இல்லை. நியாயமான ஒரு கேள்வியைத்தான் கேட்டார்.

"சரி. நிக்கும்போது சூடு ஏறுதுன்னே வெச்சுக்கலாம். நோட்டீஸ் ரெண்டு ஷிப்டுக்கும் ஒண்ணுதானே? தம்பியும் நிறுத்தறார், இவங்களும் நிறுத்தறாங்க. தம்பி ஷிப்ட்ல ஒண்ணுகூட எரியல. அப்போ காரணம் நோட்டீஸ் இல்லையே, கைதானே?"

முதலாளி தலையாட்டினார். அக்கா ஸ்டாப்வாட்சின் கயிற்றை விரலில் சுற்றினார். விஷயம் அவருக்கு எதிராக முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"சார்" என்றார் ரேடியோ.

"என்ன?"

"நான் நிறுத்தறதில்ல சார்."

"எதை?"

"மெஷினை. ஓய்வெல்லாம் விடறதில்ல. காலையில போட்டா சாப்பாட்டுக்குத்தான் நிறுத்துவேன். அப்பவும் தலையைக் கீழ இறக்கி, சுவிட்சை அணைச்சுட்டுப் போயிடுவேன்."

"உறை?"

"உறையை மடிச்சு என் ஸ்டூல்மேல போட்டு உட்கார்ந்துக்குவேன். இரும்பு ஸ்டூல் சார், குத்துது."

அக்கா திரும்பினார். "டேய், நாலு மாசமாவா?"

"ஆமாக்கா."

"தினமும் வீட்டுல வந்து, இன்னிக்கு இத்தனை தடவை ஓய்வு விட்டேன், முதுகு வலிக்குது, சும்மா உட்கார்ந்தே வலிக்குதுன்னு சொன்னியே?"

"நீ நோட்டீஸை மனப்பாடமா ஒப்பிக்கிற ஆளு. உன்கிட்ட போய் நான் நிறுத்தறதில்லன்னு சொன்னா என்னை விடுவியா? சாப்பாட்டுத் தட்டை வெச்சுக்கிட்டு ஸ்டாப்வாட்சை எடுப்ப."

"காலையில என்னைக் கழுவுற இடத்துக்கு அனுப்பறேன்னு சொன்னாங்களே, அப்ப வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நான் நிறுத்தலன்னு சொன்னா என்னையும் சேர்த்து அனுப்புவாங்கன்னு நினைச்சேன். என் தப்பு உனக்கு உதவும்னு யாருக்குத் தெரியும்?"

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார். ரேடியோவைத் திட்டத்தான் எழுந்தார். ஆனால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று பிடிபடவில்லை போலும். "இவன் சொல்றது நிஜம்தானா?" என்று என்னிடம் திரும்பினார்.

தினசரி எண்ணிக்கைப் புத்தகத்தை எடுத்துவந்தேன். மெஷின் மணிக்கு அறுநூறு பாட்டில் நிரப்பும். சாப்பாட்டு நேரம் போக ஏழரை மணி. பாதி நேரம் நின்றால் இரண்டாயிரத்து இருநூற்றைம்பதைத் தாண்டவே முடியாது. அக்காவின் கணக்கு இரண்டாயிரத்து இருநூறை ஒட்டியே போயிருந்தது. தம்பியின் கணக்கு ஒரு நாளும் நாலாயிரத்துக்குக் கீழே இறங்கவில்லை. நான்கு மாதமும் அந்த எண்களை எழுதியது என் கைதான். கை வேகம், இளம் வயது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தோமே தவிர, இந்தப் பெருக்கலை நான் உட்பட ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை. அதை அப்படியே சொன்னேன்.

மாப்பிள்ளை அலமாரியிலிருந்து மெஷினோடு வந்த சிறு புத்தகத்தை எடுத்துவந்து நின்றபடியே புரட்டினார். ஒரு பக்கத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு மனைவியிடம் நீட்டினார். அவர் படித்துச் சொன்னதன் சாரம்: இவ்வகை மோட்டாரின் மேற்புறம் எண்பது டிகிரிவரை இருப்பது இயல்பு, கை பொறுக்காது என்பதால் கவலைப்பட வேண்டாம். நிற்கும்போதும் மோட்டாருக்குள் மின்னோட்டம் ஓடும். அதைப் பாதியாகக் குறைக்க, மோட்டாருக்கு மின்னோட்டம் அனுப்பும் டிரைவர் பெட்டியில் நாலாம் எண் சிறு சுவிட்ச் உள்ளது.

"அந்த சுவிட்ச் பாதியிலதான் இருந்துச்சு" என்றார் மாப்பிள்ளை. "மெஷின் வந்த ரெண்டாவது வாரம், தலை மேல நிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமா வழுக்கிக் கீழ வந்துச்சு. குழாய்ல இருந்து சிரப் ஒழுகிச்சு. முழுசுல போட்டேன், வழுக்கறது நின்னுச்சு. அப்பத்தான் சூடும் தொட்டுப் பார்த்தேன். ஓய்வு விடலாம்னு நோட்டீஸ் எழுதினேன்."

ஆக, ஓடும்போது அந்த மோட்டாருக்கு எந்தச் சங்கடமும் இருக்கவில்லை. முழு மின்னோட்டத்தில் கனத்தைப் பிடித்துக்கொண்டு, துணி போர்த்தி நின்ற நேரம்தான் அதைச் சுட்டிருக்கிறது. யார் சொன்னபடி கேட்டாரோ அவர் கையில் எரிந்தது.

"இப்போ மறுபடி பாதியில போட்டா வழுக்குமே" என்றார் மாப்பிள்ளை. அவர் குரலில் வீம்பு இல்லை, வழி தெரியவில்லை.

"கீழ இறக்கி உட்கார வெச்சுட்டா என்ன சார்?" என்றார் அக்கா. "இவன் சாப்பாட்டுக்குப் போகும்போது செய்யறானே, அதேதான். மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது எப்படி ஓய்வாகும்? பிள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு வரிசையில நின்னா கால் வலி போயிடுமா? கீழ ஒரு கட்டை குடுத்து அதுமேல தலையை வெச்சுடலாம். உறையைக் குழாய்க்கு மட்டும் போடலாம், மோட்டாரை விட்டுடலாம்."

மாப்பிள்ளை அவரைப் பார்த்தார், பிறகு மெஷினை. நைலான் கட்டை ஒன்று பட்டறையில் இருந்தது. அதை அளவுக்கு அறுத்துப் பொருத்த ஒரு மணி நேரம் ஆயிற்று. சுவிட்ச் பாதிக்கு வந்தது. மோட்டார் ஆறிய பின், இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறி, அக்காவே ஓட்டினார். நாற்பது நிமிட ஓட்டத்தில் எழுபத்தொன்று. கட்டைமேல் தலையை இறக்கி வைத்த இருபது நிமிடத்தில் ஐம்பத்தாறு. அக்கா எண்ணைப் படித்தபோது, ஷிப்ட் முடிந்தும் போகாமல் நின்ற ரேடியோ ஏதோ கதை சொல்ல ஆரம்பித்தார். "நீ பேசாதே" என்றார் அக்கா. அவர் பேசத்தான் செய்தார்.

மூன்றே கால் மணிக்கு மறுபடி அலுவலக அறை. இந்த முறை அக்கா இல்லை, மெஷினில் இருந்தார். மற்றவர்கள் காலையில் இருந்த இடங்களிலேயே. ரேடியோ மட்டும் அக்காவின் நாற்காலியில்.

காரணம், சூடு இரண்டு கட்டங்களும் சிரமமில்லாமல் நிரம்பின. மூன்றாவதில் முதலாளி தயங்கினார்.

"பொறுப்பானவர்ங்கற இடத்தைச் சும்மா விட முடியாதா ரைட்டர்?"

"காலியா இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்க சார். போன வருஷம் மூடி விஷயத்துல அனுப்பினாங்க."

அவர் மாப்பிள்ளையைப் பார்க்காமல், மேசைக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். "பேப்பர்ல மட்டும் ஆபரேட்டர் பேரைப் போட்டுடலாம். வேலை அப்படியே இருக்கட்டும். நான் எங்கேயும் மாத்தல. நம்ம வீட்டு ஆளு பேரை எழுதி அனுப்பறதாவது."

"பேப்பர்ல போச்சுன்னா, ஆடிட்டுக்கு வரும்போது அந்தப் பேரை வெச்சுக்கிட்டுத்தான்பா உள்ளே வருவாங்க" என்றார் மகள். "மெஷின் பக்கமே அவங்களை விட மாட்டாங்க. அப்புறம் கழுவுற இடம்தான். அவங்க கை என்ன நிலைமையில இருந்துச்சுன்னு நான் பார்த்திருக்கேன்."

"அப்போ இவன் பேரைப் போடு" என்று முதலாளி ரேடியோவைக் காட்டினார்.

"நான் எரிக்கலையே சார்" என்றார் ரேடியோ. "எரிக்காததுக்குப் பொறுப்புன்னு ஒரு கட்டம் இருந்தா போடுங்க."

மகள் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. கைவைத்த நாற்காலியின் கையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"நோட்டீஸ் எழுதினது நான்" என்றார் அவர் கடைசியில். "என் பேரையே போடுங்க. ஆனா ரைட்டர், 'தவறு'ங்கற வார்த்தை வேண்டாம்."

"மாப்பிள்ளை" என்றார் முதலாளி.

"இருக்கட்டும் மாமா. நானும் கையெழுத்துப் போடறவன்தானே. ஆபரேட்டர் பேரை எழுதி, கீழே என் கையெழுத்து. நாளைக்கு அந்தம்மா முகத்துல எப்படி முழிக்கிறது?"

நான் மூன்று விதமாக எழுதிக் காட்டினேன். 'குறிப்பில் நேர்ந்த பிழை' வேண்டாம் என்றார். 'குறிப்பின் போதாமை' என்றால் படித்தவர்கள் சிரிப்பார்கள் என்று மகள் சொன்னார். 'எங்கள் இயக்கக் குறிப்பு இவ்வகை மோட்டாருக்குப் பொருந்தவில்லை. குறிப்பைத் தந்தவர்' என்று எழுதி அவர் பெயரையும் பதவியையும் போட்டேன். அதை இரண்டு முறை படித்துவிட்டு, சரி என்றார்.

நான்காவது கட்டத்தில் சுவிட்ச், கட்டை, உறை மூன்றையும் எழுதி, அன்றைய அளவீடுகளை இணைத்தேன். ஐந்தாவது: ஆள் மாற்றப்பட்டாரா? முதலாளியைப் பார்த்தேன். அவர் கையை வீசினார். எழுது என்ற அர்த்தத்தில்தான் எடுத்துக்கொண்டேன். 'இல்லை. இதே ஆபரேட்டர் தொடர்வார்.'

நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் மாப்பிள்ளை கையெழுத்திட்டார். முதலாளி ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, மையில் ஒற்றி, வழக்கத்தைவிட அழுத்தமாகக் குத்தினார். நகல் எடுத்துக் கோப்பில் வைத்தேன். மூலத்தை மூன்றாக மடித்து உறையிலிட்டு, பசை தடவி, ஓரத்தை விரலால் நீவி ஒட்டினேன். கூரியர்காரர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்து, எடை பார்த்து, என் புத்தகத்தில் நேரம் போட்டுக் கையெழுத்திட்டு, பைக்குள் போட்டுக்கொண்டு போனார். நான்கு மணி ஆறு நிமிடம்.